கரும்புச் சாறும் சோளக் கஞ்சியும்: எரிபொருளைச் சமையலறைத் தராசில் அளப்பது எப்படி

மக்காச்சோளத்திலிருந்து வண்டிக்கு எரிபொருள் எடுக்கிறார்களாமே, அதை வீட்டில் செய்து பார்க்க முடியுமா என்று தமிழ்ப்பள்ளி அறிவியல் விழா நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் யாராவது கேட்கிறார்கள். முடியும். சர்க்கரை எத்தனாலாக, அதாவது எரிபொருளாகும் சாராயமாக, மாறுவது வரை வீட்டிலேயே செய்யலாம், எவ்வளவு எத்தனால் உண்டானது என்றும் கணக்கிட்டு விடலாம். அதற்கு ஆய்வகம் தேவையில்லை, ஒரு கிராம் வரை காட்டும் மின் தராசு போதும். அந்த எத்தனாலைப் பிரித்தெடுப்பது மட்டும் வீட்டு வேலை இல்லை.

அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாமல் காய்ச்சி வடிப்பது மலேசியாவில் 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி குற்றம். எரிபொருளுக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் சுங்கத்துறை விட்டுவிடாது. அதோடு எத்தனால் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் பரவி அடுப்பில் பற்றிக்கொள்ளும், அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் அது விளையாட்டு இல்லை. இன்னொன்று, இந்தப் பாட்டிலில் இருப்பதை யாரும் வாயில் வைக்கக் கூடாது. தோட்டப்புறங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை குடும்பங்களை அழித்தது என்று நமக்குத் தெரியும், 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் செத்ததும் மறக்கக்கூடியதில்லை. ஆகவே ஆசிரியருக்குச் சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவர் பொறுப்பில், ஒன்றரை லிட்டர் பாட்டில் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாட்டிலில் "குடிக்கக் கூடாது" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். குழுவில் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் இது என்ன சோதனை என்று அவர்கள் வீட்டிலும் முன்பே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

சரி, தராசில் எரிபொருளை எப்படி அளப்பது? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கரியமில வாயுவையும் ஏறக்குறைய பாதிப் பாதியாக வெளியே விடுகிறது. 180 கிராம் குளுக்கோஸ் என்றால் 92 கிராம் எத்தனால், 88 கிராம் வாயு. எத்தனால் திரவத்திலேயே தங்கிவிடும், வாயு பாட்டிலை விட்டுப் போய்விடும். அப்படியென்றால் பாட்டிலின் எடை எவ்வளவு குறைகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு எத்தனால் உள்ளே உண்டாகியிருக்கிறது. குறைந்த கிராமை 1.045ஆல் பெருக்கினால் எத்தனால் கிராமில் வரும், 1.32ஆல் பெருக்கினால் மில்லிலிட்டரில் வரும். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் கரும்பையும் சோளத்தையும் அன்னாசித் தோலையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்கலாம்.

கரும்பில் தொடங்குங்கள்

கரும்பில் சர்க்கரை ஏற்கனவே கரைந்தே இருக்கிறது, ஈஸ்ட் நேராக வேலையைத் தொடங்கிவிடும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கரும்புச் சாறு விற்பவரிடம் ஐஸ் போடாமல், தண்ணீர் கலக்காமல், எலுமிச்சை பிழியாமல் ஒரு லிட்டர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஐஸ் போட்ட சாற்றில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. வாங்கியதை உடனே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், நம் ஊர் வெயிலில் கரும்புச் சாறு சில மணி நேரத்திலேயே தானாகப் புளிக்கத் தொடங்கும்.

வடிகட்டி, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, மூடிவைத்து ஆற விடுங்கள். காற்றிலும் கரும்புத் தோலிலும் இருந்து வந்த கிருமிகளைக் கொல்லத்தான் இந்தக் கொதி. கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே, 32 டிகிரி அளவுக்கு வந்ததும் ஒன்றரை லிட்டர் பாட்டிலில் ஊற்றி, ரொட்டிக்குப் போடும் உலர்ந்த ஈஸ்ட் ஒன்றரைத் தேக்கரண்டி சேருங்கள். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும், நுரை நன்றாகவே எழும்பும். வாயில் ஒரு பலூனை மாட்டி, ஊசியால் ஒரே ஒரு ஓட்டை போடுங்கள். மூடியைத் திருகி இறுக்கவே கூடாது, அழுத்தம் ஏறிப் பாட்டில் வெடிக்கும். பலூனில் ஓட்டை போடாமல் விட்டால் வாயு உள்ளேயே தங்கி எடைக் கணக்கும் கெடும்.

பலூனோடு சேர்த்து எடை போட்டு நேரத்தோடு எழுதிவையுங்கள். வெயில் படாத இடம் போதும், குளிர்நாடுகளில் இதற்குச் சூடேற்றி வைக்கிறார்கள், பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வீட்டுக்குள்ளேயே ஈஸ்ட்டுக்குப் பிடித்த சூடு இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் குமிழி வரும். காலையும் மாலையும் எடை போடுங்கள். முதல் இரண்டு நாளில் வேகமாகக் குறையும், நான்காம் ஐந்தாம் நாளில் நின்றுவிடும். கடைசி எடை போடும் முன் பாட்டிலை மெதுவாகச் சுழற்றிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள், இல்லையென்றால் திரவத்தில் கரைந்து நிற்கும் வாயு ஒன்றிரண்டு கிராம் கணக்கைக் கெடுக்கும்.

நல்ல சாற்றில் லிட்டருக்கு 130 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். அது முழுதும் மாறினால் 67 கிராம் எடை குறைய வேண்டும், நடைமுறையில் 60 வந்தாலே நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். 60 கிராம் குறைந்தால் 79 மில்லிலிட்டர் எத்தனால். எத்தனாலில் ஒரு லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான், ஆகவே இது சுமார் 53 மில்லிலிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் கப்சாய் மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டரை கிலோமீட்டர் போகலாம். ஒரு லிட்டர் சாற்றுக்கு இரண்டரை கிலோமீட்டர், இதைப் பிள்ளைகளையே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க விடுங்கள். கணக்கில்தான் ஓட்ட வேண்டும், பாட்டிலில் இருப்பது பெரும்பகுதி தண்ணீர், அதை எந்த வண்டியிலும் ஊற்றிவிடாதீர்கள்.

பக்கத்தில் இன்னொரு பாட்டில் வைத்தால் சோதனை உறுதியாகும்: ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் 130 கிராம் வெள்ளைச் சர்க்கரை, அதே அளவு ஈஸ்ட். அதில் எவ்வளவு சர்க்கரை போட்டோம் என்பது சரியாகத் தெரியும் என்பதால் உங்கள் ஈஸ்ட்டும் தராசும் எவ்வளவு நம்பத்தக்கவை என்று காட்டிவிடும். இது சாற்றைவிட மெதுவாகப் போகும், வெறும் சர்க்கரையில் ஈஸ்ட் வளரத் தேவையான சத்து இல்லை.

சோளத்துக்கு ஒரு படி கூடுதல்

சோளத்தை அரைத்துத் தண்ணீரில் கரைத்து ஈஸ்ட் போட்டால் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. சோளத்தில் இருப்பது மாவுச்சத்து, அது சர்க்கரைகள் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலி, ஈஸ்ட்டால் அதைக் கடிக்க முடியாது. முதலில் சங்கிலியை அறுக்க வேண்டும். எத்தனால் ஆலைகளில் இதற்கென்று நொதிகளை வாங்கி ஊற்றுகிறார்கள். நமக்கு அது வேண்டாம், முளைகட்டிய கேழ்வரகில் அதே வேலையைச் செய்யும் நொதி நிறைய இருக்கிறது.

லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் முழுக் கேழ்வரகு வாங்கி ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி, காயாமல் தண்ணீர் தெளித்து இரண்டு மூன்று நாள் வையுங்கள். வெள்ளை முளை நன்றாக நீண்டதும் பரப்பி வெயிலில் காயவைத்து அரையுங்கள். மழைக்காலமாக இருந்தால் மின்விசிறிக்கு அடியில் காயலாம். வறுக்கக் கூடாது. கடையில் குழந்தைகளுக்கு விற்கும் முளைகட்டிய சத்துமாவு பெரும்பாலும் வறுத்தது, வறுத்ததில் நொதி செத்துப்போயிருக்கும், மணம் நன்றாக இருக்கும் ஆனால் இந்த வேலைக்கு உதவாது.

கோழித்தீனிக் கடையில் கிடைக்கும் காய்ந்த மஞ்சள் சோளத்தை ரவைபோல உடைத்து 100 கிராம் எடுங்கள், 600 மில்லிலிட்டர் தண்ணீரில் போட்டு அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருபது நிமிடம் கொதிக்க விடுங்கள். இறக்கி 65 டிகிரிக்கு ஆறவிடுங்கள். இங்கே வெப்பமானி கட்டாயம், 75க்கு மேல் போனால் கேழ்வரகு நொதி வெந்துவிடும், 50க்குக் கீழே இறங்கினால் சோம்பும். இந்த நேரத்தில் கஞ்சி கரண்டியை நிறுத்தி வைக்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்கும். அதில் 25 கிராம் முளைக் கேழ்வரகு மாவைப் போட்டுக் கிளறுங்கள். சில நிமிடம் ஒன்றும் தெரியாது, அப்புறம் கரண்டி இலேசாகும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்தக் களி கண்ணெதிரே இளகி ரசம் மாதிரி ஓடத் தொடங்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, சங்கிலிகள் அறுபடுவதுதான் அது. இந்தச் சோதனையில் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும் இடம் இதுதான், இந்த நேரத்துக்கு அவர்கள் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பாத்திரத்தைத் துண்டால் சுற்றியோ வாய் அகன்ற சூட்டுக் குடுவையில் ஊற்றியோ ஒரு மணி நேரம் விடுங்கள். முடிந்ததா என்று பார்க்க, மருந்துக் கடையில் புண்ணுக்கு விற்கும் பழுப்பு நிற அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலந்து, வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு வைத்து, ஆறிய கஞ்சித் தெளிவில் ஒரு சொட்டை அதன் மேல் விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது, இன்னும் அரை மணி நேரம் வையுங்கள். பழுப்பாகவே நின்றால் சங்கிலி அறுந்துவிட்டது. சோதித்த சொட்டைப் பாத்திரத்தில் திரும்ப ஊற்றாதீர்கள்.

பிறகு கரும்புக்குச் செய்த அதே வேலைதான்: 32 டிகிரிக்கு ஆற்றி, சில சொட்டு எலுமிச்சை, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், பாட்டில், ஓட்டை போட்ட பலூன், தராசு. 100 கிராம் சோளத்தில் 70 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும், முழுதும் மாறினால் 38 கிராம் எடை குறையும். கேழ்வரகு மாவும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். வீட்டில் 20க்கு மேல் வந்தாலே திருப்திப்படலாம், ஆலைகளின் நொதி நம்முடையதைவிடப் பலசாலி.

முளைகட்ட நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு சுருக்குவழி உண்டு. பசாரில் தாப்பாய் என்ற புளித்த இனிப்பைச் செய்ய விற்கிறார்களே அந்த வெள்ளை வில்லை, அதில் மாவுச்சத்தை உடைக்கும் பூஞ்சையும் ஈஸ்ட்டும் சேர்ந்தே இருக்கின்றன. வேகவைத்து ஆறிய மரவள்ளிக்கிழங்கில் அல்லது சோளத்தில் ஒரு வில்லையைப் பொடித்துத் தூவி மூடிவைத்தால் உடைப்பதும் புளிப்பதும் ஒன்றாக நடக்கும். ஆனால் எது எப்போது நடந்தது என்று பிரித்துக் காட்ட முடியாது, விளக்கிச் சொல்ல வேண்டிய கண்காட்சிக்குக் கேழ்வரகு வழிதான் நல்லது.

அன்னாசித் தோல், கனிந்து கறுத்த வாழைப்பழம் இரண்டையும் கரும்பு மாதிரியே செய்யலாம். தோலைக் கழுவி நறுக்கி, தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டிக் கொதிக்க வையுங்கள். சர்க்கரை குறைவு, ஆனால் பழக்கடைக்காரர் சும்மா தருவார்.

கெட்டுப்போனால் மூக்கே சொல்லிவிடும். ரொட்டி மாவு மணம் சரி. காடி வாடை வந்தால் காற்று உள்ளே போய் எத்தனால் காடியாகிக்கொண்டிருக்கிறது, பலூன் கழன்றிருக்கும். மேலே பஞ்சு மாதிரி பூசணம் பூத்தால் கொட்டிவிட்டுப் பாத்திரங்களைக் கொதிநீரில் கழுவி மறுபடி தொடங்குங்கள்.

வடிக்காமல் ஏன் நிறுத்துகிறோம்

சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும் கணக்கே வேண்டாம் என்கிறது. உங்கள் பாட்டிலில் இருக்கும் 79 மில்லிலிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் 1.7 மெகாஜூல் அளவு. ஒரு லிட்டர் திரவத்தை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்து ஆவியாக்கி எடுக்கச் செலவாகும் எரிவாயு, அடுப்பிலிருந்து வீணாகும் சூட்டையும் சேர்த்தால், அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கிடைப்பதும் பாதிக்கு மேல் தண்ணீராகவே இருக்கும். ஆலையில் உயரமான வடிகோபுரங்கள் வைத்தும் எடையில் 95.6 விழுக்காட்டுக்கு மேல் போகாது, அந்தப் புள்ளியில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்தே ஆவியாகும். மிச்சத் தண்ணீரை உறிஞ்ச சியோலைட் மணிகள் நிரப்பிய கலங்கள் வழியாக அனுப்புகிறார்கள், அதற்கப்புறம்தான் பெட்ரோலில் கலக்க முடியும்.

கரும்பாலைக்கு இந்தச் சூடு ஏறக்குறைய இலவசம், சாறு பிழிந்த சக்கையையே கொதிகலனில் எரித்துக்கொள்கிறது. சோள ஆலைக்கு அப்படிச் சக்கை இல்லை, வெளியிலிருந்து இயற்கை எரிவாயு வேண்டும், சோளத்துக்கு உரமும் கூடுதலாகப் போட வேண்டும். அதனால்தான் உள்ளே போன புதைபடிவ ஆற்றலுக்குக் கரும்பு எட்டு மடங்கு அளவில் திருப்பித் தருகிறது என்றும், சோளம் இரண்டு மடங்கு அளவில்தான் தருகிறது என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு டன் சோளத்தில் 400 லிட்டர் எத்தனால் கிடைக்கும், ஒரு டன் கரும்பில் 80 லிட்டர்தான், அதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு ஹெக்டேரில் 70, 80 டன் கரும்பு விளைகிறது, சோளம் நன்றாக விளைந்தாலே 11 டன். நிலத்தை வைத்துப் பார்த்தால் கரும்புதான் முன்னால் நிற்கும்.

பிரேசில் 1975இல் கரும்பு எத்தனாலுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது, எண்ணெய் விலை ஏறிய அடியில் பிறந்த திட்டம் அது. இன்று அங்கே பெட்ரோலில் கால் பங்குக்கு மேல் எத்தனால் கலந்தே விற்கிறார்கள். அமெரிக்கா 2005லும் 2007லும் சட்டம் போட்டுச் சோள எத்தனாலை வளர்த்தது, அங்கே விளையும் சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்போது எத்தனால் ஆலைக்குத்தான் போகிறது. எத்தனாலை எடுத்த பின் மிஞ்சும் சோளக் கழிவு மாட்டுத் தீவனமாகத் திரும்பி வருகிறது என்பது உண்மை, ஆனாலும் 2007இல் சோள விலை ஏறியபோது மெக்சிகோ மக்கள் தங்கள் அன்றாட ரொட்டிக்காகத் தெருவில் இறங்கினார்கள், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் நாட்டுக்கு எது பொருந்தும்? சோளம் இல்லை என்று உறுதியாகவே சொல்வேன். மலேசியா கோழித்தீனிக்கே ஆண்டுக்கு 3 மில்லியன் டன்னுக்கு மேல் சோளத்தை அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறது. கப்பலில் வரும் தீனியை எரித்து வண்டி ஓட்டினால் கோழி விலையும் முட்டை விலையும்தான் ஏறும். கரும்புக்கும் இங்கே இப்போது பெரிய நிலம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பினாங்கின் செபராங் பிறையில் பெரிய கரும்புத் தோட்டங்கள் இருந்தன, நம் முன்னோர் பலர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கி வெட்டியது அந்தக் கரும்பைத்தான், பிறகு ரப்பர் வந்து அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. நம் பெட்ரோலில் எத்தனால் கலப்பதும் இல்லை. இங்கே உயிரெரிபொருள் என்றால் செம்பனை எண்ணெயிலிருந்து (பாமாயில்) செய்து டீசலில் கலக்கும் எரிபொருள்தான், 2019இல் வாகன டீசலில் 10 விழுக்காடு என்று கொண்டுவந்தார்கள்.

ஆனால் செம்பனையிலேயே சர்க்கரையும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 25 வயது தாண்டிய மரங்களை வெட்டி மறுநடவு செய்யும்போது அந்த அடிமரங்களைப் பெரும்பாலும் அங்கேயே அழுக விடுகிறார்கள். ஜப்பானின் ஜிர்காஸ் வேளாண் ஆய்வு மையம், பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தோடும் கெப்போங்கில் இருக்கும் வன ஆய்வுக் கழகத்தோடும் சேர்ந்து அந்த அடிமரத்தைப் பிழிந்து பார்த்தது. சாறு ஏராளம், அதில் கரும்புச் சாறு போல நொதிக்கக்கூடிய சர்க்கரை, வெட்டிய மரத்தைச் சில வாரம் சேமித்து வைத்தால் சர்க்கரை இன்னும் கூடுகிறது என்று 2010இல் வெளியிட்டார்கள். யாருடைய தட்டிலிருந்தும் எடுக்காத சர்க்கரை அது. கண்காட்சிப் பலகையில் சோளத்துக்கும் கரும்புக்கும் பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் கொடுங்கள், நடுவர்கள் "சரி, மலேசியாவில் என்ன செய்யலாம்?" என்று கேட்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் பாட்டில்களில் இருப்பதை மூன்று மடங்கு தண்ணீர் கலந்து உரக்குழியில் ஊற்றிவிடுங்கள். அடியில் படிந்த ஈஸ்ட் வண்டல் நல்ல உரம், செடியின் தண்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி மண்ணில் கிளறிவிட்டால் போதும். பலூன்கள் குப்பைக்கு, பாட்டில்களைக் கழுவி மறுசுழற்சிப் பைக்கு. எடை எழுதிய தாளை மட்டும் எறிந்துவிடாதீர்கள், அடுத்த ஆண்டு மரவள்ளியோடு ஒப்பிட அது வேண்டும்.